என் கிழமையும் அவள் கிழமையும்

ஆட்டின் பெருநாடி வெண்மையாக, இறப்பர்க் குழாய் போல இருக்கும். சிறுவிரலை உள்ளே விட்டால் மெல்ல இறுக்கிப் பிடிக்கும். இறைச்சி என்ற சொல்லைக்கூட மெதுவாகச் சொல்கிற ஒரு சைவ வீட்டில் வளர்ந்த எனக்கு, கம்பஸின் கடைசி வருடத்தில் அந்தக் குழாயோடுதான் பழக்கம் வாய்த்தது. அருவருப்பு முதற்கிழமையின் ஏழு நாட்களோடு தீர்ந்துபோயிற்று. அதன் பின்னர் வந்த குழப்பத்துக்கு இன்றுவரை ஒரு தீர்வு கிடைக்கவில்லை.

எங்கள் கேள்வி, எழுதிப் பார்த்தால், இலகுவானதுதான். உடலில் அழற்சி ஏற்படும்போது குருதிக்குழாயின் உள்வரியாக அமைந்த உயிர்க்கலங்கள் ஒருவகை ஒட்டுந்தன்மை பெறுகின்றன. குருதியோடு ஓடிவரும் வெண்குருதிக் கலங்கள் அந்த உள்வரியில் வந்து பற்றிக்கொள்கின்றன. விற்றமின் சீ அந்தப் பற்றுதலைக் குறைக்குமா? போரால் வெளிநாட்டுச் சஞ்சிகைகள் குடாநாட்டுக்கு வருவது நின்றுபோவதற்கு முன்னர் எங்கள் மேற்பார்வையாளர் எங்கோ வாசித்த ஒரு கட்டுரையிலிருந்து பிறந்த கேள்வி அது. அவர் மெலிந்த, அவசரப்படாத மனிதர். மற்ற விரிவுரையாளர்களில் அரைவாசிப் பேர் கடல் கடந்துவிட்ட பின்னரும் சைக்கிளில் தினமும் வந்துகொண்டிருந்தார்.

இறுதி வருடத்தில் ஒவ்வொருவரும் தத்தம் அளவீடுகளைக் கொண்டு தனித்தனியாக ஓர் ஆய்வறிக்கை கொடுக்க வேண்டும். அது ஏற்கப்பட்டால் சிறப்புப் பட்டம். தவறினால் பொதுப் பட்டத்தோடு வெளியே. சிறப்புப் பட்டம் பெற்றால் துறையிலேயே செய்முறை வகுப்பு எடுக்கும் வேலை கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். லண்டனில் இருந்த அண்ணை என்னையும் அம்மாவையும் கொழும்புக்கு வந்துவிடும்படி ஒவ்வொரு தகவலிலும் வற்புறுத்திக்கொண்டிருந்தார். வேலை கிடைத்தால் இங்கேயே நிற்கலாம், கிடைக்காவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படுவது என்று அவருக்கும் எனக்கும் ஒரு பேச்சு. அம்மா இரண்டு பக்கமும் கதைக்கவில்லை. ஆனால் வீட்டைப் பூட்டுவது என்ற பேச்சு எழும்போதெல்லாம் எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவார்.

அப்பா சில வருடங்களுக்கு முன்னர் சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தார். அந்தக் கடைசி நாட்களில் அம்மா ஒரு நீல நிறப் பிளாஸ்க்கில் கோப்பி ஊற்றி பஸ்ஸில் கொண்டுபோவார். ஆய்வுக்கு ஒரு பிளாஸ்க் வேண்டும் என்று நான் சொன்னபோது, அலுமாரியின் மேல்தட்டிலிருந்து அதை எடுத்துத் தந்தார். எதற்கு என்று கேட்டார். ஆட்டின் நாடி கொண்டுபோக என்றேன். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, "குசினிக்குள்ளை கொண்டு வராதை, கிணத்தடித் தட்டிலை வை" என்று மட்டும் சொன்னார். பொருளாதாரத் தடையால் புதிய பிளாஸ்க் என்பது குடாநாட்டில் இல்லாத ஒரு பொருளாக இருந்த காலம் அது.

எனக்குக் கூட்டாளியாக வந்தவள் மயிலிட்டிக்காரி. கரையோரத்து ஊர்கள் போரில் வெறிதானபோது குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வந்து, கம்பஸுக்கு அருகில் உறவினர் வீட்டின் பின்னறையில் இருந்தாள். அவளுடைய தகப்பன் வலைகளை மட்டும் சுமந்துகொண்டு வந்திருந்தார். அவை விரிக்கக் கடல் இல்லாமல் அந்த அறையின் கூரையில் தொங்கின. கத்தியை அவள் பிடிக்கிற விதத்தைப் பார்த்தாலே போதும். நாடியை நீளவாக்கில் பிளந்து, உள்வரியில் ஒரு கீறலும் விழாமல் மெழுகுத்தட்டில் விரித்துவிடுவாள். நான் கத்தியைத் தொடாமல் நின்ற முதல்நாளில், "எடி மரக்கறி, இது கத்தரிக்காய் எண்டு நினைச்சு வெட்டு" என்றாள். அதன் பின் எனக்கு ஆய்வுகூடத்தில் வேறு பெயர் இருக்கவில்லை.

மின்சாரம் இல்லாத ஆய்வுகூடத்தில் வேலை செய்வதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழிகளை இப்போது சொன்னால் விளையாட்டுப் போலத் தெரியும். பனிக்கட்டி கிடையாது. ஆகவே காலையில் இறைச்சிக்கடையில் அறுத்த கையோடு நாடியை வாங்கி, உப்புக் கரைசல் நிறைத்த பிளாஸ்க்கில் இட்டு, சைக்கிளில் விரைய வேண்டும். அதே ஆட்டின் குருதியைத் தனியாக ஒரு போத்தலில். நாடியைச் சிறு சதுரங்களாக வெட்டி, சிலவற்றை விற்றமின் கரைசலிலும் சிலவற்றை வெறும் கரைசலிலும் ஊறவைப்போம். பின்னர் அழற்சியை உண்டாக்குவதற்காகக் கொதிக்கவைத்த பற்றீரியாச் சாறு. உடற்சூட்டில் வைத்திருப்பதற்கு உமி நிறைத்த ஒரு மரப்பெட்டியும், மண்ணெண்ணெய் அடுப்பில் காய்ச்சிய வெந்நீர்ப் போத்தல்களும். கடைசியாக வெண்குருதிக் கலங்களை மேலே ஊற்றி, கழுவி, சாயமிட்டு, ஒட்டிக்கொண்டவற்றை நுணுக்குக்காட்டியில் எண்ணுவது. நுணுக்குக்காட்டிக்கு வெளிச்சம் தந்தது ஜன்னலோரத்துச் சூரியன். மேகம் வந்தால் காத்திருப்போம். பொம்பர் விமானம் வந்தால் மேசைக்குக் கீழே இருந்து காத்திருப்போம்.

நாடி கொண்டுவருவதும் அன்றைய அளவீடுகளை எடுப்பதும் வாரத்துக்கு வாரம் மாறி, ஒரு கிழமை என் பொறுப்பு, மறு கிழமை அவள் பொறுப்பு. அவரவர் வீட்டருகுக் கடையில் வாங்கி, அவரவர் வீட்டுப் பிளாஸ்க்கில் கொண்டுவருவோம். வெள்ளிக்கிழமைகளில் அறுப்பு இல்லை.

அவளுடைய கிழமைகளில் எல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல நடந்தது. சாறு இட்ட துண்டுகளில் வெண்கலங்கள் எறும்பு மொய்த்ததுபோல ஒட்டிக்கொண்டு நின்றன. விற்றமினில் ஊறிய துண்டுகளில் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தன. என் கிழமைகளில் எந்தத் துண்டிலும் பெரிதாக ஒன்றும் ஒட்டவில்லை. விற்றமின் இட்டதும் இடாததும் ஒரே அமைதியோடு கிடந்தன. அழற்சியே வராத இடத்தில் விற்றமின் அழற்சியைக் குறைத்தது என்று எப்படி எழுதுவது?

முதலில் தற்செயல் என்று நினைத்தோம். என் அடுத்த கிழமையும் அப்படியே முடிந்தபோது, நான் சாற்றைக் குறைவாக விடுகிறேன் என்று அவள் சந்தேகப்பட்டாள். அவள் கரடுமுரடாகக் கழுவி உள்வரியைப் புண்ணாக்குவதால்தான் அவளுடையதில் அதிகம் ஒட்டுகிறது என்று நான் சந்தேகப்பட்டேன். சில நாட்கள் தேவைக்கு மட்டும் கதைத்தோம். மேற்பார்வையாளர் இருவரையும் கூப்பிட்டு, கைகளை மாற்றிப் பார்க்கச் சொன்னார். என் கிழமையில் அவள் வெட்டினாள், அவளே சாறும் விட்டாள். நாடி அமைதியாகவே கிடந்தது. கடைகளை மாற்றினோம். அவளுடைய கடை ஆட்டின் நாடியும் என் பிளாஸ்க்கில் வந்து சேர்ந்தால் அமைதியாகிவிட்டது.

"ஆட்டுக்கு உன்னைக் கண்டாலே கோவம் ஆறிப்போகுது போலை. உன்னைப் பிடிச்சு ஆஸ்பத்திரியிலை இருத்திவிட்டால் மருந்து மிச்சம்" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. மாற்றக்கூடியவற்றையெல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. மிஞ்சியிருந்தவை நானும் என் பிளாஸ்க்கும். தினமும் கழுவுகிற பிளாஸ்க் என்ன செய்யும் என்று அதை விட்டுவிட்டேன். என்னில் ஏதோ பிழை இருக்கிறது என்ற எண்ணம் மெல்ல உறுதிப்படத் தொடங்கியிருந்தது. வழியில் எந்த ஒழுங்கையால் திரும்புகிறேன், எந்தக் கையால் மூடியைத் திறக்கிறேன் என்பதைக்கூடக் கவனித்துக்கொண்டு வந்தேன். படித்த அறிவு அவ்வளவும் இருந்தும், ஒரு காலையில், கோயில் வாசலைக் கடக்கும்போது சைக்கிளை விட்டு இறங்குவதாலா என்றுகூட யோசித்தேன்.

பிளாஸ்க்கின் தக்கையை முகர்ந்து பார்த்தவள் அவள்தான். ஒரு நாள் மூடியைத் திறந்தவள் முகத்தைச் சுளித்து, மறுபடி மூக்கருகே கொண்டுபோனாள்.

"இதென்னடி, மீன் கழுவின சட்டி மாதிரி மணக்குது."

மீனா என்று நான் திகைத்தேன். எங்கள் வீட்டில் மீனா?

"மீனில்லை. மீனுக்குப் போடுற மஞ்சள். எங்கடை வீட்டிலை வெடுக்குப் போறதுக்குப் போடுறது" என்றாள். தக்கையைத் திருப்பிப் பார்த்தோம். அதன் அடிப்பக்கம் மஞ்சளேறிக் கிடந்தது. அதை நான் தினமும் பார்த்திருந்தேன். அப்பாவின் கோப்பிக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அம்மா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். பிளாஸ்க்கில் மஞ்சள் போட்டாரா என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"ஓம். நீ கொண்டு வந்து வைச்ச பிறகு மஞ்சள் தண்ணி விட்டு வைச்சிட்டு, விடிய வெளியிலை ஊத்திப்போட்டு வைக்கிறனான்."

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே, பிள்ளை. இறைச்சி போய்வாற சாமானைச் சும்மா வீட்டிலை வைக்கேலுமே? கொப்பருக்குக் கோப்பி கொண்டுபோனதெல்லோ." பிறகு, "ஏன், உன்ரை படிப்புக்கு ஏதும் பிழைச்சுப் போச்சோ?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். உண்மையும் அதுதான். ஆனால் அவருடைய கை அந்தத் துணியிலேயே நின்றுவிட்டதைக் கண்டேன். என் ஆய்வைப் பற்றி அம்மா ஒருநாளும் குறை சொன்னதில்லை. நாடியும் குருதியும் தன் வாசல் வழியாகப் போய்வருவதை, ஒரு கரண்டி மஞ்சளோடு தனக்குள் சமாதானப்படுத்திக்கொண்டு விட்டிருந்தார். அந்தச் சமாதானத்தை நான் கலைத்துவிட்டேனோ என்றும் இருந்தது. அதே கணத்தில், காரணம் அகப்பட்டுவிட்டது என்ற மகிழ்ச்சியும் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

மேற்பார்வையாளர் நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, தக்கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் உள்வரியை அமைதிப்படுத்தலாம். அல்லது கலங்களைக் கொன்று, செத்தவை பதில் சொல்லாமல் கிடக்கலாம். அல்லது மஞ்சளுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லாமலே இருக்கலாம் என்றார். பிறகு, இருக்கிற மண்ணெண்ணெய் இன்னும் இரண்டு பரிசோதனைக்குத்தான் போதும் என்றும் சொன்னார்.

முதற் பரிசோதனைக்கு என் பிளாஸ்க்கை நன்றாகக் கொதிநீரால் கழுவி, கூட்டாளியின் வீட்டில் வைத்தோம். தக்கையை மாற்ற வேண்டியிருந்தது. அவளுடைய தகப்பன் வலையின் மிதப்புக் கட்டை ஒன்றைச் சீவி அளவாக்கித் தந்தார். அதைக் கண்ட மேற்பார்வையாளர், "இனி மிதப்புக் கட்டையையும் ஒரு காரணியாச் சேர்க்கவேணுமோ?" என்று தலையைச் சொறிந்தார். அன்று என் பிளாஸ்க்கில் வந்த நாடியில் வெண்கலங்கள் நிறைய ஒட்டின. நான் எண்ணுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் என் முதுகில் ஒன்று வைத்தாள். சமாதானம்.

மற்றப் பரிசோதனைதான் முடிவு சொல்ல வேண்டியது. ஒரே நாடியை இரண்டாக வெட்டி ஒன்றை அவளுடைய பிளாஸ்க்கிலும், மற்றதைப் பழைய தக்கையோடு, மஞ்சள் ஊறிய என் பிளாஸ்க்கிலும் கொண்டுவருவது. இம்முறை மஞ்சள் தண்ணீர் விட்டு வைக்கும்படி நானே அம்மாவிடம் கேட்டேன். அவர் முகம் தெளிந்தது. இதுவரை செய்தது போலவே செய்யவேண்டும் என்று சொன்னேன். அப்படியே செய்கிறேன் என்றார்.

இரண்டு பாதியிலும் வெண்கலங்கள் ஒரேமாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன. மஞ்சள் இருந்ததற்கும் இல்லாததற்கும் வித்தியாசமே இல்லை. நான் திரும்பத் திரும்ப எண்ணினேன். வெயில் ஜன்னலை விட்டுப் போனபிறகும் கண்ணை எடுக்காமல் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், வழமைபோலத்தானே செய்தீர்கள் என்று கேட்டேன்.

"வழமையிலும் பார்க்க நல்லாச் செய்தனான்" என்றார். "மற்ற நாளிலை கடைத்தூள்தானே போடுறது. இது உன்ரை படிப்புக்கெண்டபடியால், கிழங்கு எடுத்து நானே இடிச்சு அரிச்சுப் போட்டனான். கடைத்தூளுக்குள்ளை என்னத்தைக் கலக்கிறாங்களோ."

நான் கிணற்றுக்கட்டில் அமர்ந்துவிட்டேன். அப்படியானால் இதுவரை அமைதிப்படுத்தியது மஞ்சளா, கடைத்தூளில் கலந்திருந்த வேறேதோ ஒன்றா? அல்லது இரண்டும் இல்லாமல், நாங்கள் காணாத இன்னொன்றா? மறுபடி செய்து பார்க்க மண்ணெண்ணெய் இல்லை. நல்லாத்தான் செய்திருக்கிறீர்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். எனக்காக அவர் செய்த நல்லது அது. அதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை.

அறிக்கை எழுதும் கிழமை வந்தது. கூட்டாளியின் அறிக்கை தெளிவானது. அழற்சி வந்தது, விற்றமின் குறைத்தது. என்னுடையதை எந்தப் பக்கத்தால் பிடித்தாலும் வாலும் இல்லை, தலையும் இல்லை. நூலகத்தின் பின்படியில் இருந்து நாங்கள் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் தன் அளவீடுகளில் பாதியை என் பக்கம் நகர்த்தினாள்.

"இதை உன்ரை எண்டு எழுது. சைக்கிளிலை ஆர் தூக்கிக்கொண்டு வந்தது எண்டு ஆடு வந்து சொல்லப்போகுதே?"

"உனக்குக் குறைஞ்சு போகும்."

"எனக்குக் காணும். நீ கொழும்புக்குப் போனால் நான் ஆரை மரக்கறி எண்டு கூப்பிடுறது?"

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. நான் அன்று அந்தத் தாள்களை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். இரண்டு நாள் மேசையில் வைத்துப் பார்த்தேன். அவற்றை என் அறிக்கையில் சேர்த்தால், அதுவரை நடந்ததில் எனக்கு விளங்காதவை எல்லாம் நடக்காதவையாகிவிடும். கிணற்றடியில் அம்மா ஒவ்வொரு நாளும் செய்த காரியமும் அவற்றோடு இல்லாமற்போகும். எனக்கு விளங்கியது அவ்வளவுதான். மூன்றாம் நாள் தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

என் அளவீடுகளையே எழுதினேன். பிளாஸ்க், தக்கை, மஞ்சள், மிதப்புக் கட்டை, இடித்த மஞ்சள் என்று நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதினேன். முடிவு என்ற தலைப்பின் கீழ், என் பரிசோதனைகளிலிருந்து விற்றமினைப் பற்றி ஒன்றும் கூறமுடியவில்லை என்றும், அமைதிக்கான காரணம் அறியப்படவில்லை என்றும் எழுதினேன். மேற்பார்வையாளர் அதை வாசித்துவிட்டு, "இது ஏற்கப்படுமோ எண்டு எனக்குச் சொல்லத் தெரியேல்லை. ஆனால் கையொப்பம் வைக்கிறன்" என்றார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த பரீட்சகர் கடல்நீரேரியைப் படகில் கடந்து வந்திருந்தார். காற்சட்டையின் கீழ்ப்பகுதியில் உப்பு வெண்மையாகப் பூத்திருந்தது. களைத்த முகத்தோடு என் அறிக்கையின் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார்.

"விற்றமின் வேலை செய்யுதோ, இல்லையோ?"

"கூட்டாளியின்ரை பிளாஸ்க்கிலை செய்யுது, சேர். என்ரையிலை அதுக்குச் செய்ய ஒண்டும் இருக்கேல்லை."

"மஞ்சளாலையோ?"

"தெரியாது, சேர்."

"தெரியாட்டி ஏன் இவ்வளவு பக்கம் மஞ்சளைப் பற்றி எழுதினீர்?"

"அதுதான் நடந்தது, சேர்" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமா, களைப்பா என்று என்னால் இனங்காண முடியவில்லை. பின்னர் மேற்பார்வையாளரின் பக்கம் திரும்பி, இரண்டு மஞ்சளையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்டார். மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது என்றார் அவர். பரீட்சகர் தலையை ஆட்டிக்கொண்டு, இன்னொரு முறை அந்தப் பக்கத்தை வாசித்தார். என்னைப் போகச் சொன்னார்கள்.

மாலையில் மேற்பார்வையாளர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சொன்னார். அறிக்கை ஏற்கப்பட்டது. பட்டத்தின் தரம் ஒரு படி இறங்கும். ஆனால் சிறப்புப் பட்டம் சிறப்புப் பட்டம்தான், செய்முறை வகுப்புக்கு அடுத்த மாதமே வரலாம் என்றார். எதற்காக ஏற்றார்கள் என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, தனக்கும் சரியாக விளங்கவில்லை என்றார்.

நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா கிணற்றடியில் நின்றார். பாஸாம், இங்கேயே வேலையாம் என்றேன். அவர் வாளியைக் கீழே வைத்தார். பின்னர் கேட்டார்.

"அப்ப, அது மஞ்சளாலையோ?"

"தெரியாதம்மா."

"கம்பஸுக்கும் தெரியாதாமோ?"

"அவைக்கும் தெரியாதாம்."

அவர் தட்டிலிருந்த நீல நிறப் பிளாஸ்க்கை எடுத்தார். ஆய்வு முடிந்துவிட்டது, அது இனி வீட்டுக்குள்ளே போகலாம். பழைய தக்கையையும் மிதப்புக் கட்டையையும் மாறிமாறிப் பார்த்தார். கடைசியாக ஒருமுறை நன்றாகக் கழுவி அலுமாரியில் வைக்கப்போகிறேன் என்றார். மஞ்சள் எடுக்கக் குசினிக்குள் போகத் திரும்பியவர், வாசலில் நின்று, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

"எந்த மஞ்சளைப் போட, பிள்ளை? கடைத்தூளோ, இடிச்சதோ?"

நான் யோசித்துப் பார்த்தேன். பிறகு, அவர் கையிலிருந்து பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு, இரண்டையும் கொண்டுவரச் சொன்னேன்.